வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கதையும் வரலாறும் எதற்கு?

"சுழற்பந்து வீச்சாளர் ஷார்ட் லெக்கில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த பந்து மட்டையின் உள்விளிம்பில் உரசி, பேடில் பட்டு மெல்ல எழும்பியது. பேட்ஸ்மேன் நடுவரைக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினார்."

இந்த மூன்று வரியில் 'அவுட்' என்ற சொல் இல்லை, 'கேட்ச்' என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் கிரிக்கெட் பார்க்கிற யாரைக் கேட்டாலும், ஷார்ட் லெக்கில் நின்றவர் பந்தைப் பிடித்துவிட்டார் என்று சட்டென்று சொல்லிவிடுவார். கிரிக்கெட் பக்கமே போகாதவருக்கும் இதில் வாசிக்க முடியாத எழுத்து ஒன்றுகூட இல்லை. அவர் கேட்கும் கேள்விதான் வேறு: "ஏன் நடந்து போனார்? கோபமா?"

அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் இதையே 1988இல் சோதனையாக வெளியிட்டார்கள். அங்கே கிரிக்கெட்டுக்குப் பதில் பேஸ்பால். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேர். வாசிப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள் பாதி, திணறுகிறவர்கள் பாதி. இந்த இரண்டு பாதியிலும் பேஸ்பால் தெரிந்தவர்கள் பாதி, தெரியாதவர்கள் பாதி. எல்லோருக்கும் ஓர் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் உரையைக் கொடுத்து, முன்னால் ஒரு சின்ன மைதான மாதிரியையும் மரப் பொம்மைகளையும் வைத்தார்கள். வாசித்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும், பிறகு சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்.

'வாசிப்பில் மட்டம்' என்று முத்திரை குத்தப்பட்ட, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், பேஸ்பால் தெரியாத 'நல்ல வாசகர்களை'விட வெகு சிறப்பாகச் செய்தார்கள். பேஸ்பாலும் தெரிந்த நல்ல வாசகர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே வந்துவிட்டார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசிக்கும் விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான் என்று ஆகிறது.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வாசித்துப் புரிந்துகொள்வதை இரண்டு விஷயங்களின் பெருக்கல்தொகையாகப் பார்க்கலாம் என்று 1986இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் எழுதினார்கள். ஒன்று, எழுத்தை ஒலியாக்குவது. இன்னொன்று, அதையே யாராவது வாய்விட்டுச் சொன்னால் புரிவது. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டில் ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் இது ஒரு கண்கட்டு வித்தையாகவே ஆகிவிடுகிறது. 247 எழுத்தும் பிடிபடக் காலம் எடுக்கும், உண்மைதான். ஆனால் பிடிபட்டுவிட்டால் எதைக் கொடுத்தாலும் சத்தமாக வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் சைக்காலஜிக்கு முன்னால் வாயே திறக்காமல் ஓர் எழுத்து நிற்குமே, அந்தத் தொல்லையெல்லாம் இங்கே கிடையாது. நான்காம் வகுப்புப் பிள்ளையின் கையில் பழைய நிலப் பத்திரத்தைக் கொடுங்கள். "மேற்படி நான்கெல்லைக்குட்பட்ட புன்செய் நிலம்" என்று தடங்கல் இல்லாமல் வாசிக்கும். பக்கத்தில் இருக்கும் தாத்தா பூரித்துப்போவார். பிள்ளையின் மனசில் என்ன விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம், எந்த எழுத்தாளரும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. "மழை பொய்த்த அந்த ஆண்டு ராஜா வரியைத் தள்ளுபடி செய்தார்" என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ராஜா மக்களிடம் வரி வாங்குவார், வரி விளைச்சலிலிருந்து வரும், மழை இல்லாவிட்டால் விளைச்சல் இல்லை, அந்த ஆண்டு வரி கேட்டால் குடியானவன் செத்தான். இத்தனையும் வரிக்கு வெளியே இருக்கிறது. ராஜா கதை பத்துக் கேட்ட பிள்ளை இதையெல்லாம் தானே நிரப்பிக்கொண்டு "நல்ல ராஜா" என்று முடிவுக்கு வந்துவிடும். கேட்காத பிள்ளை "மழை பொய் சொல்லுமா?" என்ற இடத்திலேயே நின்றுவிடும். உளவியலாளர் வால்டர் கின்ட்ச் இதை இரண்டு அடுக்காகப் பிரித்தார். வரிகள் நேரடியாகச் சொல்வது ஓர் அடுக்கு. வரிகளும் நமக்குத் தெரிந்ததும் சேர்ந்து மனதில் எழுப்பும் காட்சி இன்னோர் அடுக்கு. வாசித்து முடித்து நாளாகியும் நினைவில் தங்குவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இந்த நிரப்பும் வேலை நொடிக்குள் நடந்தாக வேண்டும், ஏனென்றால் மூளையில் இடம் குறைவு. குறுகிய கால நினைவில் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களுக்குமேல் நிற்காது. தெரியாத சொல், தெரியாத ஊர், தெரியாத வழக்கம் என்று ஒவ்வொன்றும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் போய்விடும். தெரிந்த விஷயமோ மொத்தமாக ஒரே கட்டாக உள்ளே போகும். உளவியலாளர் மிஷலின் சீ 1978இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டியது. சதுரங்கம் நன்றாக ஆடும், சராசரியாகப் பத்து வயதுப் பிள்ளைகளையும், சதுரங்கம் அவ்வளவாகத் தெரியாத பெரியவர்களையும் உட்காரவைத்து, பலகையில் காய்கள் இருக்கும் நிலையைச் சில நொடிகள் காட்டிவிட்டு நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார். பிள்ளைகள் ஜெயித்தார்கள். அதே ஆட்களிடம் வெறும் எண் வரிசையைச் சொல்லித் திருப்பிக் கேட்டபோது பெரியவர்கள் ஜெயித்தார்கள். சின்ன வயது, சின்ன நினைவு என்பதெல்லாம் சதுரங்கப் பலகைமுன் செல்லுபடியாகவில்லை.

"சரி, பெரிய பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லுங்கள். ஐந்து வயசுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் என் வீடு, பிறகு என் தெரு, பிறகு என் ஊர், எகிப்தும் சோழரும் மெதுவாக வரட்டும் என்று பாடத்திட்டம் போடும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. குழந்தைக்குக் கண்ணெதிரே இருப்பதுதான் புரியும் என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. டைனோசரை எந்தக் குழந்தை கண்ணால் பார்த்தது? 1983இல் அதே மிஷலின் சீ, இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து நாலரை வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு 40 டைனோசர்கள் தெரியும். எது இலை தின்னும், எது ஊன் தின்னும், எதற்கு என்ன கவசம் என்று அவன் தலைக்குள் ஒரு வலையே பின்னியிருந்தது. அவனுக்கு நெருக்கமான 20 டைனோசர்களை வைத்துக் கேட்டபோது நினைவு பளிச்சென்று வந்தது. அவ்வளவாகப் பழக்கமில்லாத 20இல் அவனும் சாதாரணப் பையன்தான்.

வாசிக்கத் தெரியும்வரை இதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஏறத்தாழ 13 வயது வரை, பிள்ளைகளுக்குத் தாங்களே வாசித்துப் புரிவதைவிடக் காதால் கேட்டுப் புரிவது அதிகம். ஆறு வயதில் அந்த இடைவெளி மிகப் பெரியது. எழுத்துக்கூட்டி "அம்மா, ஆடு" என்று வாசிக்கும் பிள்ளை, அன்று இரவே திரௌபதியின் சபதத்தை வாய்பிளந்து கேட்கும். அதனால்தான் பாட்டி கதையும் வில்லுப்பாட்டும் ஊர்த் திருவிழா நாடகமும் பாடத்திட்டம் செய்யாத வேலையைச் செய்துகொண்டிருந்தன.

பாட்டுக்கு இதில் தனி வேலை உண்டு. இங்கிலாந்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து மோராக் மக்லீன், பீட்டர் பிரயன்ட், லினெட் பிராட்லி 1987இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப் பாடல்கள் எத்தனை தெரியும் என்பதற்கும், சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறனுக்கும் தொடர்பு தெரிந்தது. அந்தத் திறன் வாசிப்பின் முதல் படி. எதுகையும் மோனையும் காதில் ஏறினால் சொல் என்பது துண்டுகளால் ஆனது என்று யாரும் சொல்லித்தராமலே குழந்தைக்குத் தட்டுப்படுகிறது.

கலை, வரலாறு, இலக்கியம் எல்லாம் குழந்தைக்கு வேண்டும் என்று வாதாடுகிறவர்களே பல நேரம் கெடுத்துவிடுவதும் இந்த இடத்தில்தான். "மூளை கூர்மையாகும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். 1993இல் 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். மடித்த காகிதத்தை மனதிலேயே விரித்துப் பார்ப்பது போன்ற ஒரு சோதனையில் கால் மணி நேரம்கூட நீடிக்காத சின்ன முன்னேற்றம் தெரிந்தது. அவ்வளவுதான். கைக்குழந்தை ஒன்றுகூட அந்தச் சோதனையில் இல்லை. ஆனால் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார்.

லத்தீன் கதையும் இதுதான். லத்தீன் படித்தால் மூளைக்குப் பயிற்சி, மற்றப் பாடமெல்லாம் தானே வரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். எட்வர்ட் தார்ண்டைக் 1924இல் ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்துப் பார்த்தார். லத்தீன் எடுத்தவர்களின் ஓராண்டு வளர்ச்சி மற்றவர்களைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. ஏற்கெனவே கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள் லத்தீன் எடுத்தார்கள், பெயர் லத்தீனுக்குப் போனது.

இசை வகுப்புக்கு இதைவிடக் கொஞ்சம் நல்ல சான்று உண்டு. டொராண்டோவில் கிளென் ஷெலன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குழுக்களாகப் பிரித்து இசை, நாடகம் என்று ஓராண்டு பயிற்சி கொடுத்து, 2004இல் முடிவை வெளியிட்டார். இசைக் குழுவின் நுண்ணறிவு எண் மற்றவர்களைவிட 3 புள்ளிபோல் கூடுதலாக உயர்ந்தது. நாடகக் குழுவில் அது இல்லை, ஆனால் பிறரோடு பழகும் விதம் மேம்பட்டிருந்தது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கட்டுப்பாடாக நடத்தப்பட்ட சோதனைகளில் இசையின் இந்தப் பொதுப் பலன் ஏறக்குறையக் காணாமல் போனது. குழந்தைகளோடு தத்துவ உரையாடல் நடத்தும் முறைக்கும் அதே கதி. இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான சோதனையில் வாசிப்பிலும் கணக்கிலும் இரண்டு மாத அளவு முன்னேற்றம் தெரிந்தது. பிறகு சுமார் 200 பள்ளிகளில் செய்து பார்த்தபோது வாசிப்பில் பலன் தெரியவில்லை. பாட்டு கற்றால் பாட்டு வரும். அது போதாதா? கணக்குக்கு டியூஷனாக அதைக் காட்டி ஏன் விற்க வேண்டும்?

விஷய ஞானத்தின் கணக்கு வேறு. அது ஒரு பொதுச் சக்தியாகப் பரவுவதில்லை. சோழர் பற்றித் தெரிந்தால் சோழர், கடல் வாணிகம், கோயில், வரி, நீர்ப்பாசனம் என்று அதைத் தொட்ட பக்கங்கள் புரியும், தவளையைப் பற்றிய பாடம் புரியாது. தவளைக்குத் தவளையைத்தான் படிக்க வேண்டும். ஒரு நாளிதழை எடுத்தால் அதில் எல்லாமே வரும் என்பதால், சின்ன வயதிலேயே பல துறைகளையும் தொட்டுவைத்த பிள்ளைக்கு அது கைகொடுக்கிறது.

அமெரிக்கா இதற்கு நேர் எதிராகப் போய்ப் பார்த்தது. 2002இல் கையெழுத்தான கல்விச் சட்டம் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆண்டுதோறும் வாசிப்புக்கும் கணக்குக்கும் தேர்வு வைத்தது. 2007இல் ஒரு கணக்கெடுப்பில், 62 விழுக்காடு கல்வி மாவட்டங்கள் தொடக்கப் பள்ளியில் அந்த இரண்டுக்கும் நேரத்தைக் கூட்டியிருந்தன. 44 விழுக்காடு மாவட்டங்கள் சமூக அறிவியல், அறிவியல், கலை, இசை, ஏன் விளையாட்டு இடைவேளை என்று எதிலாவது நேரத்தை வெட்டியிருந்தன. வாசிப்பு வகுப்பில் "மையக் கருத்தைக் கண்டுபிடி" என்று பயிற்சி மேல் பயிற்சி. பேஸ்பால் தெரியாத பிள்ளைக்குப் பேஸ்பால் உரையில் மையக் கருத்து எங்கிருந்து கிடைக்கும்?

2020இல், மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தொடர்ந்த அரசுத் தரவை அலசியவர்கள் ஒரு முரணைக் கண்டார்கள். சமூக அறிவியலுக்கு நாளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்த பிள்ளைகள் வாசிப்பில் முன்னே இருந்தார்கள். மொழிப் பாடத்துக்கே கூடுதல் நேரம் கிடைத்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. காரணத்துக்குக் கொஞ்சம் நெருங்கிவரும் ஆய்வு 2023இல் வெளியானது. கொலராடோவில் வரலாறு, புவியியல், இலக்கியம், கலை, அறிவியல் எல்லாவற்றையும் மழலையர் வகுப்பிலிருந்தே திட்டமிட்டுக் கற்றுத்தரும் ஒன்பது பள்ளிகளில், இடம் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டது. சீட்டு விழுந்து சேர்ந்தவர்களையும் விழாதவர்களையும் ஆறாம் வகுப்பு வரை ஒப்பிட்டார்கள். வாசிப்பில் சேர்ந்தவர்கள் 16 சதமான அளவு, அதாவது நூறு பேரை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால் 16 இடம், மேலே இருந்தார்கள். பெரும்பாலும் நடுத்தர, வசதியான குடும்பங்கள், அதுவும் தேடிவந்து விண்ணப்பித்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பாடத்திட்டத்தையும் பள்ளியின் மற்ற அம்சங்களையும் தனியே பிரிக்கவும் முடியாது. எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் கல்வி ஆய்வில் இது பெரிய எண்தான்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிசெய்யும் நோக்கத்தோடு வந்தது. முன்னே சொன்ன பெருக்கலில் முதல் எண், எழுத்தை ஒலியாக்குவது, அது பூஜ்யமாக இருக்கக் கூடாது. இரண்டாவது எண்ணான புரிதலுக்கு வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. ஜினா செர்வெட்டியும் உடனிருந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு குழு பறவைகளைப் பற்றியே தொடர்ந்து பல உரைகளை வாசித்தது. இன்னொரு குழு தொடர்பில்லாத பல தலைப்புகளை வாசித்தது. பறவைக் குழுவுக்குச் சொற்களும் கூடுதலாகப் பிடிபட்டன, பிறகு பறவை பற்றிக் கொடுத்த புது உரையையும் நன்றாக நினைவில் வைத்துச் சொன்னார்கள். ஆகவே இன்று சிங்கம், நாளை ராக்கெட், மறுநாள் நீதிக் கதை என்று தாவாமல், இரண்டு வாரம் கடலிலேயே இருக்கலாம். மீனவர் கதை, கட்டுமரம், அலை ஏன் வருகிறது, கொற்கை முத்து, உப்பளம், சுனாமி. முதல் நாள் தடுக்கிய சொல் நான்காவது நாள் பிள்ளையின் வாயிலேயே வரும். பத்தாவது நாள் உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வரும், அதற்குள் வேறு தலைப்புக்கு மாற்றிவிடாதீர்கள்.