அண்டர் 14 அணியும் ஒரு குதிகால் வலியும்

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பிப்ரவரி கடைசி வந்துவிட்டால் என் கிளினிக்கின் வெயிட்டிங் ரூமில் பள்ளிச் சீருடைகள் கூடிவிடும். ஃபுட்டி சீசன் நெருங்குகிறது, அணித் தேர்வு நடக்கிறது என்று அர்த்தம். கோடை விடுமுறையில் சும்மா கிடந்த கால்களை இரண்டே வாரத்தில் தயார் செய்யப் பார்ப்பார்கள். அப்புறம் அந்தக் கால்கள் என்னிடம் வரும்.

ஃபுட்டி என்றால் நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம் போன்ற பெரிய ஓவல், ஓர் அணிக்கு 18 பேர், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். அடுத்தவன் முதுகில் முழங்காலை ஊன்றி எம்பிப் பந்தைப் பிடிப்பதற்குத்தான் இங்கே கைதட்டல் அதிகம். ஃபுட்டியின் தேசிய லீகான ஏஎஃப்எல்லின் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை விக்டோரியா மாநிலத்தில் பொது விடுமுறை. அந்த அளவுக்குப் பைத்தியம் பிடித்த ஊரில்தான் இந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

போன வருடம் வந்த பையன் ஒருவனுக்கு வயது 13. கதவிலிருந்து கட்டில் வரை இடது குதிகால் தரையில் படாமல் முன்பாதத்திலேயே நடந்தான். படுக்கச் சொல்லி, குதிகாலின் இரண்டு பக்கத்தையும் என் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தினேன். சத்தமே இல்லை. ஆனால் அவன் விரல்கள் கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்தன, கண் அப்பாவிடம் போனது. "வலிக்கிறதா?" என்றேன். "கொஞ்சம்தான்" என்றான். கொஞ்சம் வலிக்கிறவன் கட்டிலை அப்படிப் பிடிக்க மாட்டான்.

இதற்கு சீவர்ஸ் என்று பேர். வளரும் பிள்ளைகளின் குதிகால் எலும்பில், பின்பக்கம், இன்னும் முழுதாக எலும்பாகாத ஒரு வளர்ச்சிப் பகுதி உண்டு. கெண்டைக்கால் தசையின் கனத்த நாண் வந்து சேர்வதும் அங்கேதான். எலும்பு மளமளவென்று நீளும் மாதங்களில் தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். அதோடு ஓட்டமும் குதிப்பும் சேர்ந்தால் அந்த இடம் நொந்துபோகும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இதே கதை நடந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்போம். இரண்டுமே பயப்படுகிற விஷயம் இல்லை. ஓட்டத்தைக் குறைத்து, ஷூவுக்குள் குதிகாலுக்கு ஒரு மெத்தை வைத்து, கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுத்தால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அடங்கிவிடும். ஓட்டத்தைக் குறைக்க வீட்டில் சம்மதிக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா?" திறமையான பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துப் பயிற்றும் வட்டார டெவலப்மென்ட் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஞாயிறு வருகிறார்களாம்.

நான் ஒரு தாளை எடுத்து ஏழு கட்டம் போட்டேன். இந்த வயதுப் பிள்ளை யார் வந்தாலும் நான் செய்வது இது. திங்கள், டெவலப்மென்ட் அணித் தேர்வுக்கான பயிற்சி. செவ்வாயும் வியாழனும் கிளப் பயிற்சி. புதன், பள்ளி அணி. சனி காலை அப்பாவோடு பூங்காவில் நூறு கிக். ஞாயிறு ஆட்டம். வெள்ளிக்கிழமை ஓய்வுதானே என்று பேனாவை எடுக்கப் போனேன். "வெள்ளி ராத்திரி பாஸ்கெட்பால்" என்றான் பையன். ஏழு கட்டமும் நிரம்பிவிட்டது. அவன் கோச்கள் நான்கு பேரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவருக்கு மற்ற மூன்று பேரின் அட்டவணை தெரியாது. ஏழு கட்டத்தையும் சேர்த்துச் சுமந்தது அந்தக் குதிகால் மட்டும்தான். அப்பா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மோசமான மனிதர் இல்லை. மகனுக்கு ஒரு வாய்ப்பும் தவறிவிடக் கூடாது என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

அவர் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. அண்டர் 14 ஆட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். ஒரே அணியில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. பையன்கள் மிக வேகமாக வளரும் காலம் சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கு வயதில் வருகிறது. ஆனால் அது சராசரிதான். சிலருக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும், சிலருக்குப் பதினாறு வரை இழுக்கும். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் இரண்டு வருடம் முன்னதாகவே. இதில் பிறந்த மாதம் வேறு சேர்ந்துகொள்கிறது. இங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பிறந்த சான்றிதழ்படி சம வயதுக்காரர்களுக்குள் உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று வருட இடைவெளி இருப்பது சாதாரணம். தேர்வாளர் திறமையைத்தான் பார்க்கிறார், சந்தேகமில்லை. ஆனால் பதின்மூன்று வயதில் திறமை எது, சீக்கிரம் வளர்ந்த உடம்பு எது என்று பிரித்துப் பார்ப்பது கண்ணால் ஆகிற காரியமில்லை.

சின்னவனுக்கு நடக்கும் அநியாயம் எல்லோருக்கும் தெரிகிறது. பெரியவனுக்கு நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதின்மூன்றில் எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளிவிட்டு நேராக ஓடியவனுக்கு இடது காலால் உதைக்கவோ, நெரிசலுக்குள் தலையை நிமிர்த்தி யார் காலியாக நிற்கிறார்கள் என்று பார்க்கவோ தேவையே வரவில்லை. எல்லாக் கோப்பையும் அவன் வீட்டு அலமாரியில்தான். பதினேழில் மற்றவர்கள் அவன் தோளுக்கு வந்துவிடுகிறார்கள். "என்ன ஆச்சு இவனுக்கு?" என்று ஊர் கேட்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள். அந்த வயதில் 'முதுகு வலி' என்று என்னிடம் வருகிறவர்களில் இந்த ரகம் உண்டு. சிலரிடம் முதுகை எவ்வளவு தேடினாலும் அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் ஒளிக்காமல் கேட்டார். அவர் மகன் என்னை ஆன்ட்டி என்பான், இங்கத்துப் பிள்ளைகள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "மேடம், இவன் இதுல வருவானா மாட்டானான்னு இப்பவே தெரிஞ்சா, டியூஷன்லயாவது சேர்த்துடலாம்." விக்டோரியாவில் அரசின் செலக்டிவ் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு எட்டாம் வகுப்பில் வருகிறது. அதே பதின்மூன்று, பதினான்கு வயது! அந்த ஒரு வருடத்தில் பிள்ளையின் தலையெழுத்து முழுவதையும் படித்துவிடப் பார்க்கிறோம். "தெரியாதுங்க" என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் உண்மை அதுதான். இதே வேலையாக இருக்கும் ஏஎஃப்எல் கிளப்புகளின் தேர்வாளர்களே பதினெட்டு வயதுக்காரனைப் பார்த்துச் சொல்வது பல முறை தவறிப்போகிறது.

மெல்பர்ன் என்ற பேரிலேயே ஓர் ஏஎஃப்எல் கிளப் உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளப்புகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுப்பதற்கு டிராஃப்ட் என்று பேர். 2008 டிராஃப்டில் முதல் தேர்வாக ஜாக் வாட்ஸை எடுத்தார்கள். 2009 ஜூனில், ராணியின் பிறந்தநாள் விடுமுறையன்று, எம்சிஜி மைதானத்தில் காலிங்வுட் கிளப்புக்கு எதிராக அவரை முதன்முறையாக இறக்கினார்கள். அப்போது அவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். பந்து கைக்கு வந்ததும் எதிரணி ஆட்கள் கூட்டமாக அவர்மேல் பாய்ந்து அமுக்கிய காட்சியை இங்கே இன்றும் பேசுவார்கள். ஒரு பள்ளிப் பையன் மொத்த கிளப்பையும் தூக்கி நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். மெல்பர்னிலும் பிறகு போன கிளப்பிலும் சேர்த்து 170க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர் அவர், யாரும் பெருமைப்படலாம். ஆனாலும் முதல் தேர்வு என்ற முத்திரையோடு ஒப்பிட்டுத்தான் கடைசி வரை பேசினார்கள். 2017இல் அதே விடுமுறை ஆட்டத்தில், அதே காலிங்வுட்டுக்கு எதிராக, கடைசி நிமிடங்களில் வெற்றி கோலைப் போட்டதும் அவர்தான். எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் முடிந்ததும் கிளப் அவரை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டது.

வாட்ஸை எடுத்த அடுத்த வருடமே, 2009 டிராஃப்டில், அதே கிளப் 34ஆவது தேர்வாக எடுத்தது மேக்ஸ் கானை. இரண்டு மீட்டருக்கும் மேலான உயரம், நடுவர் மேலே போடும் பந்துக்கு எம்பிப் போட்டியிடும் ரக் ஆட்டக்காரர். பிறந்தது டிசம்பர் 30, அந்த வருடத்துப் பிள்ளைகளில் கிட்டத்தட்டக் கடைக்குட்டி. ஆரம்ப வருடங்களில் முழங்கால் காயங்களால் ஆடியதைவிட உட்கார்ந்திருந்தது அதிகம். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் முதன்முறை இடம் பிடித்தது 2016இல், 24 வயதில். 2021இல் அவர் கேப்டனாக இருந்தபோதுதான் மெல்பர்ன் 57 வருடம் கழித்துக் கோப்பையைத் தொட்டது. உயரமானவர்கள் பழுக்க வருடம் ஆகும் என்பது இங்கே எந்தக் கோச்சுக்கும் மனப்பாடம். ஆனாலும் தன் அணியில் ஓர் ஒல்லிக்குச்சி வந்து நிற்கும்போது மறந்துபோகிறது.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. ரிச்மண்ட் அணிக்காக 27 வயதில், அதுவும் 2019 கிராண்ட் ஃபைனலிலேயே, முதல் ஆட்டம் ஆடி ஜெயித்த மார்லியன் பிக்கெட் கதையைச் சொன்னால் உடனே ஓர் அம்மா, "அப்ப இவனுக்கு 27 வரை டைம் இருக்கு" என்கிறார். அதுவும் எதிர்பார்ப்புதான், தவணை மட்டும் நீண்டிருக்கிறது. தேசிய டிராஃப்டில் ஒரு வருடத்துக்குத் தேறுகிறவர்கள் அறுபது, எழுபது பேர். என் கட்டிலில் படுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் முப்பது வயதில் லோக்கல் கிளப்பில் சனிக்கிழமை ஆடிவிட்டு நண்பர்களோடு பீர் குடிக்கப் போகிறவர்கள். அதற்கும் முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். எலும்பும் தசைநாரும் அவற்றின் வேலையை முடிக்க நேரம் கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

பொறுமையாக இருங்கள் என்று சொன்னால் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஆபத்து. நொண்டிக்கொண்டு நடக்கும் பிள்ளை, ராத்திரி வலியில் எழும் பிள்ளை, மூட்டு வீங்கிய பிள்ளை, இவர்களை ஒரு வாரம் பார்க்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். முழங்கால் வலிக்கிறது என்று பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளை நொண்டினால் நான் முதலில் இடுப்பைத்தான் ஆட்டிப் பார்ப்பேன். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவும் ஒரு கோளாறு முழங்கால் வலியாக வேஷம் போட்டு வரும். அதைத் தவறவிட்டால் இடுப்பு மூட்டே கெட்டுப்போகலாம். கோடையில் வேகப்பந்து வீசிவிட்டுக் குளிர்காலத்தில் ஃபுட்டிக்கு வருகிற பையனுக்கு இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாக இரண்டு மூன்று வாரம் வலி நீடித்தால் முதுகெலும்பில் அழுத்த முறிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

தலையில் அடி பட்டால் பேச்சுக்கே இடமில்லை. ஜூனியர், லோக்கல் ஆட்டங்களில் மூளை அதிர்ச்சிக்குப் பிறகு குறைந்தது 21 நாள் ஆட்டம் கிடையாது, திரும்ப மருத்துவரின் அனுமதி வேண்டும். "மண்டையில அடியே படல, மயங்கவும் இல்ல, ஃபைனல்ஸ் இருக்கே" என்று என்னிடம் வாதாடிய அம்மா ஒருவர் உண்டு. மயங்காமலும் மூளை அதிர்ச்சி வரும். அந்தப் பிள்ளை ஃபைனலை வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சரி, பரவாயில்லை.

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பதினேழு வயதுப் பெண்கள் ஏழாம் மாதமே ஓடிக் காட்டுவார்கள். ஓட முடிவது வேறு, பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது முழங்கால் தாங்குவது வேறு. ஒன்பது மாதத்துக்கு முன்னால் திரும்பினால் மறுபடி கிழியும் ஆபத்து கணிசமாகக் கூடுகிறது, சின்ன வயதில் இன்னும் அதிகம். இந்த மாதிரிக் காயங்களைக் குறைக்க ஏஎஃப்எல் வைத்திருக்கும் பிரெப் டு ப்ளே வார்ம்-அப் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்யும் கிளப்பா என்று பார்த்துச் சேருங்கள். ஜெர்சி நிறத்தைவிட அது முக்கியம்.

அந்தக் குதிகால் பையனிடம், அப்பா பணம் கட்டப் போயிருந்தபோது, "ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது காரில் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டேன். "நான் எங்கெல்லாம் பந்தை விட்டேன்னு அப்பா சொல்வார். ஜெயிச்சாலும் சொல்வார்" என்றான். குரலில் கோபம் இல்லை, பழகிவிட்டது. கார்ப் பயணம் பதினைந்து நிமிடம், ஒரு சீசனுக்குப் பதினைந்து ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை அப்பாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: காரில் ஃபுட்டி பேச்சை அவன் எடுத்தால் பேசுங்கள், இல்லையென்றால் பசிக்கிறதா என்று கேளுங்கள். சிரித்தார். செய்தாரா தெரியாது.

திங்கள் பயிற்சியும் சனிக்கிழமை நூறு கிக்கும் அந்தத் தாளிலிருந்து போயின. பாஸ்கெட்பால் இருந்தது, அவன் நண்பர்கள் அங்கேதான். அந்த ஞாயிறு ஆடவில்லை, டெவலப்மென்ட் அணியிலும் இடம் கிடைக்கவில்லை. சமையலறைக் கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் உயரத்தைக் குறித்து வைக்கச் சொன்னேன். எப்போது வேகமாக வளர்கிறான் என்று தெரிந்தால் அப்போது சுமையைக் குறைக்கலாம்.

போன மாதம் அப்பா அந்தக் கோடுகளை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வருடத்தில் ஒன்பது சென்டிமீட்டர். குதிகால் வலி போயே போய்விட்டது. பூட்ஸ் மட்டும் இரண்டு ஜோடி மாற்றியாகிவிட்டது. ஆனால் அவர் முகத்தில் புதுக் கவலை. "முன்னாடி கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பான், இப்போது நேராக வரும் பந்தையே விடுகிறான்" என்றார். பையன் நீண்டுவிட்ட தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புதுக் கை, புதுக் கால், அவை எங்கே முடிகின்றன என்று மூளைக்கு இன்னும் பிடிபடவில்லை. வேகமாக வளரும் காலத்தில் சிலருக்கு இப்படி ஆகும், தானாகச் சரியாகிவிடும். எவ்வளவு நாள் ஆகும் என்றார். அடுத்த கோடு போட்டுவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்றேன்.