கேரி பேக்கில் வந்த கரிக்கு என்ன வயது சொல்வது?

அகழாய்வு வேலை பார்க்கும் என்னிடம் மறுபடியும் ஒரு கேரி பேக். பர்கூர் பக்கம் மாந்தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி விட்டிருக்கிறார்கள். தோட்டத்து ஓரத்துக் கல்வட்டத்தில் (பழங்கால ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள்) பலகைக்கல் பெயர்ந்து, உள்ளே இருந்த பானைகள் நொறுங்கிவிட்டன. ஓடுகளை மோட்டார் தண்ணீரில் பளிச்சென்று கழுவியாயிற்று. கரித்துண்டுகளை மட்டும் தனியாகப் பொறுக்கி, பஞ்சு வைத்துப் பத்திரமாக நியூஸ்பேப்பரில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். "சார், இதைக் கார்பன் டெஸ்ட்டுக்கு அனுப்பிடுங்க. மயிலாடும்பாறையை விடப் பழசா இருக்கும்னு ஊர்ல சொல்றாங்க."

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஊர் மேல் உள்ள பாசத்தில் செய்தது. அதனால்தான் திட்டவும் வாய் வரவில்லை. ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

எங்கே ஆரம்பித்தது என்று தெரியும். தொகரப்பள்ளி அருகே உள்ள மயிலாடும்பாறையில் 2021-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே இரும்பு கிடைத்த மண்ணடுக்குகளில் எடுத்த கரி மாதிரிகள் அமெரிக்காவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. கி.மு. 1615, கி.மு. 2172 என்று இரண்டு காலக்கணிப்புகள் வந்தன. 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அதை அறிவித்தார். தமிழ்நாட்டில் இரும்பின் பழமை 4200 ஆண்டு என்று செய்தி பரவியது. நம் மாவட்டத்துக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் குழியில் கறுப்பாக எது தெரிந்தாலும் அது 'கார்பன் டெஸ்ட்'டுக்குப் போக வேண்டிய பொருளாகிவிட்டது.

அந்தச் செய்தியில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அந்த இரண்டு மாதிரிகளும் 104 சென்டிமீட்டர், 130 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்டவை. ஆழம் கூடக் கூட வயதும் கூடியிருக்கிறது. கூடவே என்ன பானை ஓடு, எந்த நிற மண், மேலே என்ன, கீழே என்ன என்று எல்லாம் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு இல்லையென்றால் 2172 என்பது வெறும் எண்.

உயிருள்ளவை காற்றிலிருந்து பெறும் கார்பன்-14, அவை செத்த பிறகு எப்படிக் குறைகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 1949-இல் அமெரிக்க வேதியியலாளர் லிபியும் அவருடைய குழுவினரும் இதை வைத்து வயது கணிக்கலாம் என்று காட்டினார்கள், 1960-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இதற்கு மேல் விளக்கவில்லை. என்னை நோகடிப்பது வேறு விஷயம்.

"சார், குழியில கிடைச்ச இந்த இரும்புக் கத்திக்குக் கார்பன் டெஸ்ட் எடுத்தா வயசு தெரிஞ்சிடுமா?" என்பதுதான் அது.

கத்திக்கு அல்ல, தம்பி. கத்திக்கும் அல்ல, பானைக்கும் அல்ல, அந்தப் பலகைக்கல்லுக்கு நிச்சயமாக அல்ல. இந்த முறை உயிரோடு இருந்து செத்ததற்கு மட்டும்தான் வயது சொல்லும். மரம், விதை, எலும்பு, உமி. மயிலாடும்பாறையிலும் இரும்பை அளக்கவில்லை, கரியைத்தான் அளந்தார்கள். (உருக்கில் ஏறியிருக்கும் கரியைப் பிரித்து அளக்க முடியும். அது தனி வேலை, துருப்பிடித்த எல்லா இரும்புக்கும் ஒத்துவராது.)

சரி, கரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கரித்துண்டுக்குப் பின்னால் நான்கு சம்பவங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டை மரத்தில் வளர்ந்தது ஒன்று. மரத்தை வெட்டியது இரண்டு. எரித்தது மூன்று. எரிந்த கரி இந்த இடத்து மண்ணுக்குள் வந்து சேர்ந்தது நான்கு. ஆய்வகம் சொல்லும் வயது முதல் சம்பவத்துக்கு மட்டுமே. நாம் தெரிந்துகொள்ள விரும்புவதோ நான்காவதை. கத்தியை மண்ணுக்குள் வைத்த நாளோடு சம்பந்தப்பட்டது அதுதான். முதலுக்கும் நான்காவதுக்கும் நடுவே சில வருஷமும் இருக்கலாம், பல நூறு வருஷமும் இருக்கலாம்.

எப்படி? மரத்தில் ஒவ்வொரு வளையமும் அது உருவான வருஷத்தோடு காற்றிலிருந்து கார்பன் வாங்குவதை நிறுத்திவிடுகிறது. முந்நூறு வருஷப் புளியமரத்தை இன்று வெட்டி எரித்து, வைரக்கட்டையின் நடுவிலிருந்து ஒரு துண்டை அனுப்பினால், முந்நூறு வருஷத்தை ஒட்டித்தான் வயது வரும். நேற்று எரிந்தது என்று வராது. வீட்டுத் தூணாக நூறு வருஷம் நின்று, அப்புறம் அடுப்புக்குப் போன கட்டையானால் அந்த நூறும் சேரும். அதனால்தான் பெரிய கட்டைக் கரியைவிடச் சுள்ளிக் கரியை எடுக்கிறோம். அதையும்விடத் தானியம் கிடைத்தால் கையெடுத்துக் கும்பிடுவோம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று வந்தது நினைவிருக்கும். நெல் ஒரே பருவத்தில் விளைந்து அறுவடையாவது, உள்ளே பழைய வளையம் எதுவும் கிடையாது. கொள்ளு, ராகி எல்லாமே அப்படித்தான்.

இது மரத்தால் வரும் சிக்கல். மண்ணால் வருவது இதைவிட மோசம்.

நம் பக்கத்துக் குன்றுகளின் அடிவாரத்தில் புதிய கற்கால மக்கள் குடியிருந்திருக்கிறார்கள். அவர்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கைக்கோடாரிகள் இன்றைக்கும் மரத்தடிக் கோயில்களில் சாமியாக நிற்கின்றன, எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். பல ஊர்களில் அந்தக் குடியிருப்பை ஒட்டியே, சில இடங்களில் அதன் மேலேயே, பின்னால் வந்த இரும்புக்கால மக்கள் ஈமக்குழி தோண்டியிருக்கிறார்கள். தோண்டிய மண்ணாலேயே குழியை மூடியிருக்கிறார்கள். அந்த மண்ணில் பல நூறு வருஷத்துக்கு முந்தைய அடுப்புக் கரி கிடக்கும். அது நேராகப் போய்க் கத்திக்குப் பக்கத்தில் விழும். கரி அசல், கத்தியும் அசல், ஆய்வகக் கணக்கும் சரி. ஆனால் முடிவு தப்பு! குழியை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தால், இது பின்னால் நிரப்பிய மண், இது குழியின் அசல் தரை என்று நிறத்திலும் இறுக்கத்திலும் கண்டுபிடித்துவிடலாம். ஜேசிபி பக்கெட் ஒரே வாரலில் இரண்டையும் கலந்துவிடும்.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். வேலி மரத்துக்குத் தீ வைத்தால் வேர் மண்ணுக்குள்ளேயே புகைந்து கரியாகும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறதே என்று அதைப் பழங்காலத்துக் கரி என்று நினைத்துவிடுவார்கள். எலி வளை வழியாக மேல்மண் கீழே இறங்கும். வளைக்குள் இருக்கும் மண் பொலபொலவென்று நிறம் மாறித் தெரியும். அதை அங்கேயே, குழியின் பக்கச் சுவரில் பார்த்தால்தான் உண்டு. கேரி பேக்கில் தெரியாது.

எங்கிருந்து எடுத்தது என்று தெரியாத கரி, பெயர் ஒட்டாத ரத்தக் குப்பி மாதிரி. லேபில் சர்க்கரை அளவு துல்லியமாகச் சொல்வார்கள். யாருக்குச் சர்க்கரை என்று கேட்டால்?

அடுத்தது பஞ்சும் நியூஸ்பேப்பரும். இரண்டுமே செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை, அதாவது புதுக் கார்பன். கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் இன்றைய ஏஎம்எஸ் முறைக்குச் சில மில்லிகிராம் கரி போதும், முன்பெல்லாம் கிராம் கணக்கில் வேண்டும். அளவு குறையக் குறைய ஒட்டிய நூலிழைகூடக் கணக்கில் வந்துவிடும். சுமார் 5000 வருஷக் கரியில் 100-க்கு 1 பங்கு புதுக் கார்பன் கலந்தால் 70 வருஷம் அளவுக்கு இளமையாகக் காட்டும். அது பரவாயில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 4000 வருஷக் கரியில் 100-க்கு 10 பங்கு கலந்தால் 500 வருஷம் போச்சு. இதில் ஒரு வேடிக்கை, மயிலாடும்பாறையை முந்த வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் கரியை அவர்கள் வைத்த பஞ்சே இளமையாக்குகிறது.

ஆய்வகத்தில் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவி, மண்ணிலிருந்து ஊறிய மட்கிய பொருளும் சுண்ணாம்பும் போன பிறகுதான் அளப்பார்கள். அதனால் விரல் பட்டுவிட்டதே என்று பயப்பட வேண்டாம். ஆனால் நொறுங்காமல் இருக்க ஃபெவிகால் தடவுவது, வார்னிஷ் அடிப்பது, பளபளப்புக்கு எண்ணெய் பூசுவது... தயவுசெய்து வேண்டாம். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ரிசல்ட்டைப் படிப்பதிலும் ஒரு கூத்து நடக்கிறது. '3000 பிபி' என்று அறிக்கையில் இருந்தால் கி.மு. 3000 என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். பிபி என்பது 1950-ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. அதையும் நேராகக் கழித்துக் கி.மு. 1050 என்று எழுதக் கூடாது. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை, ஆகவே மரவளையங்களை வைத்துத் தயாரித்த அளவுகோலோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தினால் கி.மு. 1200-ஐ ஒட்டிப் போகும். அதுவும் ஒற்றை வருஷமாக வராது, இதிலிருந்து இதற்குள் என்று ஒரு வீச்சாகத்தான் வரும். செய்தித்தாளில் வரும் ஒற்றை எண் அந்த வீச்சின் நடுப்புள்ளி, அவ்வளவுதான். அதிலும் கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவே அந்த அளவுகோல் கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுகிறது. எந்த வருஷத்துக் கரியானாலும் ஏறக்குறைய ஒரே விடைதான் கிடைக்கும். தமிழ்நாட்டு வரலாற்றில் எல்லாரும் சண்டை போடுவதும் அந்த நானூறு வருஷத்துக்குத்தான். என்ன செய்வது!

இனி, மண்ணுக்குள் ஏதாவது தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதலில் ஜேசிபியை நிறுத்துங்கள். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது என்று தெரியும். வண்டியைத் தோட்டத்தின் இன்னொரு பக்கம் திருப்பிவிடலாம், வேலையும் நடக்கும். குழியின் பக்கச் சுவரை செல்போனில் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ மண்வெட்டியோ வைத்து எடுத்தால் ஆழம் தெரியும். கரியைத் தொடாதீர்கள், ஓட்டைக் கழுவாதீர்கள். பானைக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டவே கொட்டாதீர்கள், நாங்கள் தேடும் தானியம் அதற்குள்தான் இருக்கும். ஏற்கெனவே பெயர்ந்து விழுந்துவிட்டதென்றால், சமையலறையில் இருக்கும் அலுமினியம் ஃபாயிலில் மண்ணோடு மடித்து, எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று ஃபாயிலின் வெளியே மார்க்கரில் எழுதி, நிழலில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

நிலம் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் ராத்திரியோடு ராத்திரியாக மூடிவிடுகிறார்கள். தகவல் சொன்னதற்காக யாரும் உங்கள் பட்டாவைப் பிடுங்க மாட்டார்கள். சொல்லாமல் மறைப்பதுதான் வம்பு. மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. விஏஓவிடம் சொல்லுங்கள், தாசில்தார் வழியாகப் போய்ச் சேரும். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கேயும் நேராகப் போய்ச் சொல்லலாம். போகும்போது செல்போனில் எடுத்த படத்தைக் கொண்டுபோங்கள். பை வேண்டாம்.