சாக்கு நனைந்திருக்கிறதா?

"நேற்றுக் காலையிலிருந்து முக்கிக்கொண்டே இருக்கிறது டாக்டர் தம்பி. மலச்சிக்கல்தான். விளக்கெண்ணெய் கொடுத்தும் கேட்கவில்லை" என்றார் பாட்டி. ஆட்டோவிலிருந்து இறக்கிய கிடா முதுகை வளைத்து, வாலைத் துடிக்க வைத்து, பல்லை நறநறவென்று கடித்தது. நான் முதலில் பார்த்தது கிடாவை அல்ல, அது நின்றுவந்த சாக்கை. பத்துப் பதினைந்து புழுக்கை கிடந்தது. ஈரம் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

சாணம் போடுகிறது, மூத்திரம் போகவில்லை என்றால் அது மலச்சிக்கல் அல்ல, நீர்க்கட்டு; மூத்திரக்குழாயைக் கல் அடைத்து நீர் இறங்காமல் நிற்பது. இந்தக் குழப்பத்தில்தான் பல கிடாக்களுக்கு ஒரு நாள் வீணாகிறது. எண்ணெய் புகட்டிப் பொழுதைக் கழிக்காமல், மூத்திரம் வரும் இடத்து மயிர்க்கற்றையை விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்து கிடக்கும், சில ஆடுகளில் ரவை போல நறுக்கென்று படிகம் தட்டுப்படும். இதற்கு ஸ்கேன் வேண்டாம்.

பெட்டை ஆட்டுக்கும் கல் உண்டாகலாம். குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அடைப்பது அரிது. சிக்குவது ஆண்தான், அதிலும் காயடித்த கிடா. சின்னக் குட்டியிலேயே காயடித்தால் மூத்திரக்குழாய் போதிய அளவு விரிவதில்லை. ஆட்டில் கல் பெரும்பாலும் குறியின் நுனியில் புழு போல நீண்டிருக்கும் மெல்லிய முனையில் மாட்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் எஸ் வடிவ வளைவில். மாட்டுக்கு அந்தப் புழுமுனை கிடையாது. எருதுகளில் வளைவில்தான் தேட வேண்டும். ஆசனவாய் வழியே கைவிட்டால், மூத்திரப்பை காற்றடைத்த பந்து போல விம்மி நிற்பது தெரியும்.

பாட்டியின் கிடாவைப் பிட்டத்தில் உட்காரவைத்துக் குறியை வெளியே எடுத்தேன். புழுமுனை கறுத்து, உள்ளே மணல் நெருடியது. அதை வெட்டியதும் முதலில் இரத்தம் கலந்த சொட்டுகள், பிறகு நூல் போல ஒரு தாரை.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. இரண்டு நாள் துடித்த கிடா திடீரென்று அமைதியாகிப் படுத்தால் "குணமாகிவிட்டது" என்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள். எனக்கு அதுதான் பயம். மூத்திரப்பை கிழிந்ததால் வலி அடங்கியிருக்கலாம். பிறகு வயிறு இரு பக்கமும் கீழிறங்கி உப்பும். ஊசியால் அந்த நீரை எடுத்துச் சோதித்தால், மூத்திரத்தில் வெளியேறும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் உள்ளதைப் போல 2 மடங்கு அல்லது அதற்கு மேல் இருக்கும். அப்போது அது மூத்திரம்தான். பை கிழியாமல் குழாய் கிழிந்தால், அடிவயிற்றுத் தோலின் கீழ் வீங்கும்.

நெருஞ்சில் கஷாயம், நீர் பிரிய ஊசி என்று சிலர் கைவைத்தியம் பார்த்துவிட்டு வருகிறார்கள். வழி அடைத்திருக்கும்போது உள்ளே நீரைப் பெருக்கினால் பைதான் வெடிக்கும்.

"என்ன பாட்டி தீனி?" என்றேன். "கோதுமைத் தவிடும் மக்காச்சோளமும்தான். பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்றார். அந்தச் செல்லம்தான் கல்லானது. இரண்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. மொத்தத் தீனியில் கால்சியம் பாஸ்பரசைவிட 2 மடங்கு இருப்பது நல்லது. அடர்தீனியைக் குறைத்து வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தழையைக் கூட்டச் சொன்னேன்; உப்புக்கட்டி தொங்கவிட்டு, எப்போதும் தண்ணீர் வைக்கவும் சொன்னேன்.

மறுநாள் காலை பாட்டி தொலைபேசியில், "சாக்கு தொப்பலாக நனைந்திருக்கிறது தம்பி" என்றார். சந்தோஷம்தான். பைக்குள் இன்னும் மணல் இருக்கும், எந்நேரமும் மறுபடி அடைக்கலாம் என்பதால் நாளைக்கே கிடாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், அதே சாக்கோடு.