காப்பர் டி போட்ட பிறகு: அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள்

எங்கள் தெருவில் ஒரு பெண் இரண்டாவது குழந்தைக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தாள். கோயில், விரதம், மாமியார் பேச்சு எல்லாம் ஆனது. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி இருப்பது தெரிந்தது. முதல் பிரசவத்தின்போது அரசு மருத்துவமனையில் போட்டிருக்கிறார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் கையெழுத்து இருக்கிறது என்றார்கள். வலி எடுத்துக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் எதற்கென்று தெரியாமல் போட்ட கையெழுத்து அது. இதே போன்ற கதையை அதற்குப் பிறகும் கேட்டுவிட்டேன்.

காப்பர் டி நல்ல கருத்தடைச் சாதனம். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். நூறில் ஒருவருக்குக்கூட அரிதாகத்தான் தவறும், எடுத்தவுடன் மறுபடி கருத்தரிக்கலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், இல்லையென்றால் ஆறு வாரம் கழித்துப் போடலாம். லேபர் வார்டில் அவசரப்படுத்துவது இந்த 48 மணி நேரக் கணக்கினால்தான். ஆனால் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே முடிந்திருக்க வேண்டும். வலியில் துடிப்பவரிடம் சம்மதம் கேட்கக் கூடாது. வேண்டாம் என்றால் "வேண்டாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்" என்று பிரசவத்துக்கு முன்பே சொல்லுங்கள், கூட வரும் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

போடாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் வராது என்று சில இடங்களில் பயமுறுத்துகிறார்கள். அந்தத் திட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. சொல்பவரிடம் "எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுத மாட்டார்கள்.

போட்டுக்கொண்டீர்களா? சரி, டிஸ்சார்ஜ் ஆகும்போது அட்டையை வாங்குங்கள். போட்ட தேதி, எந்த வகை, எப்போது எடுக்க வேண்டும், மறுபரிசோதனை எப்போது, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். அரசு போடுவதில் இரண்டு வகை உண்டு. 380ஏ பத்து வருடத்துக்கு, 375 ஐந்து வருடத்துக்கு. இரண்டையும் காப்பர் டி என்றே சொல்வார்கள். அட்டை இல்லாதவர் ஐந்து வருடத்தில் எடுக்க வேண்டியதைப் பத்து வருடம் வைத்திருப்பார். அட்டை தீர்ந்துவிட்டது என்றால் டிஸ்சார்ஜ் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். அதை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பிரசவத்தையோ கருக்கலைப்பையோ ஒட்டிப் போட்டுக்கொண்டால் பெண்ணுக்கு 300 ரூபாய் உண்டு. மறுபரிசோதனைக்கு வந்துபோகும் செலவுக்கான பணம் அது. மற்ற நேரத்தில் போட்டவர்கள் அதற்காக அலைய வேண்டாம். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். பாஸ்புக்கில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்றிருந்தால், அந்த 300 ரூபாயை வாங்க பஸ்ஸுக்கே அதைவிட அதிகம் செலவாகும். முன்னாடியே சரிசெய்துகொள்ளுங்கள்.

இனி உடம்புக்கு வருவோம். முதல் சில நாள் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், சொட்டுச் சொட்டாக ரத்தம் படும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிடாய் கூடுதலாகவும் வலியோடும் வரலாம், பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பயப்பட மாட்டார்கள். இன்னொரு பக்கம், உண்மையிலேயே அதிகமாகப் படுபவர்களையும் "எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் "நிறைய போகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டியாக விழுகிறதா என்று கணக்கோடு சொல்லுங்கள். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் இதில் தயங்கவே கூடாது. சத்து மாத்திரை இலவசம்தான், கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போவது, காப்பர் டியின் அடியில் தொங்கும் நூல் தட்டுப்படாமல் போவது அல்லது கெட்டியாக ஏதோ தட்டுப்படுவது, இதில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திராமல் அன்றே போய்விடுங்கள். நாள் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் என்றால் அது கருக்குழாயில் இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்ய வேண்டும்.

மறுபரிசோதனை ஆறு வாரத்தில். சிக்கலே இங்கேதான். பிரசவம் தாய் வீட்டு ஊரில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் ஊர். அந்த ஊர் நர்ஸுக்கு உங்களுக்குக் காப்பர் டி போட்டதே தெரியாது. குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடப் போகும் நாளிலேயே உங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போடும் கூட்டத்தில் "இன்னொரு நாள் வாங்க" என்பார்கள். எந்த நாள், யார் இருப்பார்கள் என்று கேட்டு, ஓ.பி. சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பிரசவத்தோடு போட்டது முதல் சில மாதத்தில் தானாக விழுந்துவிடும் வாய்ப்பு மற்ற நேரத்தில் போட்டதைவிட அதிகம். விழுந்தது தெரியாமலே இருந்து கர்ப்பமானவர்கள் உண்டு.

பரிசோதனையில் நூல் தெரியவில்லை என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதிலும் தெரியாவிட்டால் எக்ஸ்ரே. பிரசவத்தோடு போட்டவர்களுக்கு நூல் கீழே இறங்கவே சில வாரம் ஆகும் என்பது உண்மைதான். அதற்காகப் பார்க்காமலே "உள்ளே சுருண்டிருக்கும், விடுங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் போகாதீர்கள், அங்கே மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வைப்பார்கள்.

எடுப்பதற்குத்தான் அதிக அலைச்சல். "போட்ட இடத்துலதான் எடுக்கணும்", "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா", "இன்னும் வருஷம் முடியலையே", "ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டா எடுக்கறோம்". இந்த நான்கில் ஒன்றுகூட விதி கிடையாது. எந்த அரசு மருத்துவமனையிலும், எப்போது கேட்டாலும், காரணம் சொல்லாமலே, இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கணவர் கையெழுத்து தேவையில்லை. எடுப்பது சில நிமிட வேலை. அன்றிலிருந்தே கருத்தரிக்கலாம் என்பதால், உடனே குழந்தை வேண்டாம் என்பவர்கள் அடுத்த ஏற்பாட்டை முன்பே யோசித்துவிட்டுப் போங்கள்.

காப்பர் டி இருந்தும் கர்ப்பமானால் இழப்பீடு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அந்த இழப்பீடு குடும்பநல அறுவை சிகிச்சைக்கு மட்டும்தான், மனு எழுதித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். ஆனால் கருத்தடைத் தோல்வியால் வந்த கர்ப்பத்தை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 18 வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும்.

எடுக்க மறுத்தாலோ, சொல்லாமல் போட்டிருந்தாலோ வாய்ச் சண்டை வேண்டாம். முதலில் அரசின் சுகாதார உதவி எண்ணான 104க்கு போன் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலருக்கும், தாலுகா, மாவட்ட ஆஸ்பத்திரி என்றால் நலப்பணிகள் இணை இயக்குநருக்கும், மருத்துவக் கல்லூரி என்றால் டீனுக்கும் மனு போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் "இது எங்களுக்கு வராது" என்று ஒரு மாதம் போய்விடும். சொல்லாமல் போட்டவர்கள் கேஸ் ஷீட் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் விதி இருக்கிறது. மனுவை இரண்டாக எழுதி, ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிய பிறகே கவுன்டரை விட்டு நகருங்கள்.