முயலகன்: நடராசர் காலடியில் கிடப்பவன்

நடராசர் செப்புத் திருமேனியைப் பற்றி எழுதுகிற பலர், காலடியில் கிடப்பவனை ‘அபஸ்மாரன் என்னும் அசுரன்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது, ஏனென்றால் தமிழில் அவனுக்கு முயலகன் என்று அருமையான பெயர் இருக்கிறது. ராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில்கூட, ஆடவல்லான் (நடராசருக்கு அன்றைய பெயர்) திருமேனியை விவரிக்கும் இடத்தில் இவன் ‘முசலகன்’ என்று வருகிறான். உயிர் உசிர் ஆவது போல முயல் முசல் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அபஸ்மாரம் என்றால் என்ன? வடமொழி மருத்துவ நூல்களில் அது ஒரு நோய். ஸ்மரணம் என்றால் நினைவு, ‘அப’ என்றால் விலகல். நினைவு தப்பிக் கீழே விழும் வலிப்பு. தமிழ் முயலகனுக்கும் இந்தப் பொருள் உண்டு. கொல்லி மழவன் என்ற குறுநில மன்னனின் மகள் முயலகன் என்ற நோயால் உணர்விழந்து கிடந்ததையும், சம்பந்தர் ‘துணிவளர் திங்கள்’ எனத் தொடங்கும் பதிகம் பாடி அவளை எழுப்பியதையும் பெரியபுராணம் சொல்கிறது. நடந்த இடம் திருப்பாச்சிலாச்சிராமம், இன்றைய பெயர் திருவாசி, திருச்சிக்குப் பக்கம்தான். அந்தக் கோயில் நடராசர் காலடியில் முயலகன் கிடையாது, பாம்புதான் இருக்கிறது. பிணி பாம்பாகிவிட்டது என்கிறார்கள் ஊரில்.

தாருகாவனத்து முனிவர்கள் வேள்வித் தீயிலிருந்து அவனைச் சிவன்மேல் ஏவினார்கள் என்ற புராணக் கதை தெரிந்ததே. எனக்கு முக்கியம், சிற்பி அவனை எப்படி வடித்திருக்கிறான் என்பது. சோழர்காலப் படிமம் ஒன்றின் முன் குனிந்து பாருங்கள். குட்டை உருவம், குப்புறக் கிடக்கிறான், பல படிமங்களில் கையில் ஒரு பாம்பு, தலையை நிமிர்த்தி மேலே பார்க்கிறான். சாகவில்லை! முதுகில் வலப்பாதம் ஊன்றியிருக்கிறது, அவ்வளவே. சைவ சித்தாந்தத்தில் இவன் ஆணவ மலம், உயிரைத் தன்னை மறக்கச் செய்யும் இருள். அந்த மலம் அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்கும் என்பது சித்தாந்தம். உயிரோடு கிடக்கும் இந்த உருவம் அதையே காட்டுகிறது.

அதனால் ‘அசுரனை வதைக்கும் கோலம்’ என்று எழுதாதீர்கள். முயலகன் மேல் ஊன்றிய திருவடி என்று எழுதுங்கள். அப்புறம், நோயைக் குறிக்க இன்று வலிப்பு என்ற சொல்லே போதும். அந்த நோயாளியை யாரும் ஆணவத்தோடு சேர்த்துப் பேசிவிடக் கூடாது.