கதீட்ரல்: தமிழில் என்ன சொல்லலாம்?

கதீட்ரல் என்றால் பெரிய சர்ச் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் அளவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. கிரேக்கத்தில் 'கதெத்ரா' என்றால் இருக்கை, அது லத்தீனுக்குப் போய் பிஷப் அமர்ந்து போதிக்கும் ஆசனத்தைக் குறித்தது, அந்த ஆசனம் எந்த ஆலயத்தில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். நாம் தினமும் சொல்கிற 'சேர்'கூட பிரெஞ்சு வழியாக வந்த இதன் வாரிசுதான்.

சிங்கப்பூரில் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த, ஆலயமான செயின்ட் ஆண்ட்ரூஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து வணிகர்கள் நன்கொடை கொடுத்ததால் அந்நாட்டுப் புனிதர் அந்திரேயாவின் பெயர் வைத்தார்கள். கோல்மன் வடிவமைத்த முதல் ஆலயம் 1830களில் எழுந்தது. அப்புறம் தாம்சன் அதற்கு ஊசிக்கோபுரம் சேர்த்தார். 1845இலும் 1849இலும் மின்னல் தாக்கி, 1852இல் பூட்டி, 1855இல் இடித்தே விட்டார்கள்.

இப்போது நிற்பது மக்ஃபர்சன் வடிவமைத்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். உள்சுவர்ப் பூச்சு நம்மூர்ச் சரக்கு, பெயரே 'மெட்ராஸ் சுனாம்': சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். 1862இல் கல்கத்தா பிஷப் காட்டன் வந்து பிரதிஷ்டை செய்தார்.

அப்போதும் அது கதீட்ரல் இல்லை! சிங்கப்பூர் கல்கத்தா பிஷப்பின் கீழ் இருந்தது, அவருடைய ஆசனம் கல்கத்தாவில். 1869இல் சிங்கப்பூரை போர்னியோ பக்கத்துத் தீவான லபுவானின் பிஷப்பிடம் மாற்றிய பிறகு, 1870இல்தான் இதே கட்டடம் அவருடைய கதீட்ரல் ஆனது.

சரி, தமிழில்? 'பேராலயம்' வழக்கில் ஊன்றிவிட்டது. ஆனால் அது பெரிய ஆலயம் என்ற அதே தப்பான எண்ணத்தைத்தான் தருகிறது. போதாததற்கு, போப் சிறப்புத் தகுதி கொடுத்த ஆலயமான பசிலிக்காவையும் அப்படியே சொல்கிறோம்: வேளாங்கண்ணிப் பேராலயம் பசிலிக்காதான், அது இருக்கும் மறைமாவட்டத்தின் (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கிறது. பொருள் பிசகக் கூடாத இடத்தில் கத்தோலிக்கருக்கு 'மறைமாவட்டத் தலைமை ஆலயம்', மறைமாவட்டத்தைத் திருமண்டலம் என்கிற ஆங்கிலிக்கன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்குக்கு 'திருமண்டலத் தலைமை ஆலயம்' என்று எழுதலாம். பிஷப்பைக் குறிப்பிடும்போதும் கவனம் வேண்டும், சி.எஸ்.ஐ.யில் பிஷப்தான் பேராயர், கத்தோலிக்கரிடம் பிஷப் ஆயர், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப்.