கடனோடு ஒட்டி வரும் காப்பீடு யாருக்கு?

"ஏதோ பிடிச்சாங்க, எதுக்குன்னு தெரியல." குறுங்கடன் வாங்கியவர்களிடம் காப்பீடு பற்றி விசாரித்தால் நான் அடிக்கடி கேட்கும் பதில் இதுதான். கடன் கைக்கு வரும்போதே பிரீமியத்தைக் கழித்திருப்பார்கள். வரிசையாகப் போட்ட கையெழுத்துகளில் அதற்கும் ஒன்று இருந்திருக்கும்.

ஒரு குறுங்கடன் நிறுவனத்தின் கிளைக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோது ஒருவரைப் பார்த்தேன். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியும் அவள் பெயரிலிருந்த கடனுக்கு ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி வந்தார். அந்தக் கடனுக்குக் காப்பீடு இருந்தது. அது அவருக்குத் தெரியாது. தவணை வாங்கிய புது ஊழியருக்கும் தெரியவில்லை.

குறுங்கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் தொடங்குவது கடன் ஆயுள் காப்பீடுதான். கடனாளி இறந்தால் மிச்சக் கடன் அடைந்துவிடும். குழுவாகக் கடன் வாங்கியிருந்தால் மற்றவர்கள் தலையிலும் சுமை விழாது. நல்ல விஷயம்தான். ஆனால் பணம் போய்ச் சேர்வது கடன் கொடுத்தவரிடம். பல திட்டங்களில் கடன் குறையக் குறையக் காப்பும் குறையும். கடைசி இரண்டு தவணை மட்டும் பாக்கி இருந்தால் குடும்பத்துக்கு மிச்சமாவது அவ்வளவே. நாமினிக்கென்று தனியாக ஒரு தொகையும், சம்பாதிக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ காப்பும் சேர்ந்தால்தான் இதைக் குடும்பத்துக்கான காப்பீடு என்பேன்.

சரி, மக்கள் அதிகம் பயப்படுவது ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தானே, அதையும் கடனோடு கட்டாயமாக்கினால் என்ன? இந்தியாவில் ஒரு குறுங்கடன் நிறுவனம் அப்படிச் செய்து பார்த்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ரிச்சர்ட் ஹார்ன்பெக் மூவரும் அதை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். காப்பீடு வேண்டாம் என்று கணிசமானவர்கள் கடனையே புதுப்பிக்காமல் விலகிப் போனார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மருத்துவக் காப்பீட்டில் எந்த ஆஸ்பத்திரி, எந்த நோய், எந்தப் பில் என்று ஆயிரம் கேள்வி வரும். தவணை வசூலிக்க ஓடுகிற கடன் அதிகாரியால் அத்தனைக்கும் பதில் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று நிலையான தொகை தரும் திட்டம் இதைவிட எளிது. டிஸ்சார்ஜ் தாளும் அடையாள அட்டையும் இருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

காப்பீட்டைச் சேர்க்க நினைக்கும் நிறுவனங்களிடம் நான் முதலில் கேட்பது, நூறு ரூபாய் பிரீமியத்தில் கிளெய்மாகத் திரும்பப் போவது எவ்வளவு என்பதுதான். கமிஷன் எவ்வளவு என்று அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். இந்தக் கேள்விக்கு மட்டும் ஃபைலைத் தேடுவார்கள்.

அப்புறம் நாமினி. அடையாள அட்டையில் ஒரு பெயர், படிவத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இருந்தால் கிளெய்ம் மாதக்கணக்கில் இழுக்கும். கடன் கொடுக்கும் அன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

அந்தக் கணவருக்கு, மனைவி இறந்த பிறகு கட்டிய தவணைகள் திரும்பக் கிடைத்தன. அடுத்த குழுக் கூட்டத்தில் அதைச் சொன்னபோது ஒரு பெண் எழுந்து, "என் பாலிசித் தாள் எங்கே?" என்று கேட்டார். கிளையில் யாரிடமும் அது இல்லை.